முந்திரியும் முனைவுத்தன்மையும்



ஆண்டு மலருக்கு ஆளாளுக்குக் கவிதை எழுதிக் கொடுக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் வரை வந்த முதல் ஆள் நான்தான். வந்த முதல் வருஷமே கெமிஸ்ட்ரியில் ஒரு பாடத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, அதனால் அம்மாவின் கையைப் புண்ணாக்கினேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கதை என்று சொன்னாலும், பரீட்சையில் மார்க் வாங்கித் தருகிற விஷயமும் உள்ளே இருக்கிறது. ஆகவே பக்கத்தைப் புரட்டிவிடாமல் கடைசி வரை படியுங்கள்!

எனக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அரியலூர் மாவட்டம், ஆண்டிமடம் பக்கம். செம்மண் பூமி. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்திரிக்காடு. முந்திரி நம் நாட்டு மரமே அல்ல. பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ஆனால் இன்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது அதனால்தான். என் அம்மா கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறார். கிலோ கணக்கில்தான் கூலி. எவ்வளவு பருப்பு எடுக்கிறோமோ அவ்வளவு காசு.

முந்திரிக்கொட்டையின் ஓட்டை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டின் நடுவில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கும். அவற்றில் கெட்டியான எண்ணெய் இருக்கும். ஓட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த எண்ணெய்தான். கையில் பட்டவுடனே ஒன்றும் தெரியாது. போகப் போக எரியும்; தோல் கறுக்கும்; பிறகு உரியும். அம்மாவின் விரல்களில் ரேகையே சரியாக இல்லை. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷினில் ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னையோ தங்கச்சியையோ கூப்பிட்டு அனுப்புவார்.

இந்த எண்ணெய் தண்ணீருக்குப் போகாது. எத்தனை குடம் ஊற்றினாலும் போகாது. ஏன்?

நான் செய்த தப்பு

வகுப்பில் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள். முனைவுள்ள பொருள் முனைவுள்ள கரைப்பானில் கரையும். முனைவற்ற பொருள் முனைவற்ற கரைப்பானில் கரையும். சுருக்கமாகச் சொன்னால், இனம் இனத்தோடு சேரும். எனக்கு ஒரே குஷி! தண்ணீர் முனைவுள்ளது, எண்ணெய் முனைவற்றது. அதனால்தான் தண்ணீருக்குப் போகவில்லை. பெட்ரோல் முனைவற்றது, அப்படியானால் பெட்ரோலுக்குப் போகும். இவ்வளவுதானே!

அந்த வாரம் ஊருக்குப் போனதும் பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, பழைய துணியில் நனைத்து அம்மாவின் கையைத் துடைத்துவிட்டேன். நிமிஷத்தில் கறை போய்விட்டது. "பாத்தியாம்மா, படிப்புன்னா இதான்" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மாவும் சிரித்தார்.

மறுநாள் காலையில் அம்மாவின் கை வெளுத்து, வறண்டு, வெடித்துக் கிடந்தது. முன்பு எண்ணெய் படாத மணிக்கட்டிலும் எரிச்சல். மூன்று நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்று நாள் கூலியும் போயிற்று. அப்பாயி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து திட்டித் தீர்த்தது. அம்மா மட்டும் திட்டவில்லை. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கைய நீட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த வாரம் வகுப்பில் டெஸ்ட். 'கார்பன் டை ஆக்ஸைடு முனைவுள்ள மூலக்கூறா?' என்று ஒரு கேள்வி. 'கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் நடுவில் உள்ள பிணைப்பு முனைவுள்ளது, ஆகவே மூலக்கூறும் முனைவுள்ளது' என்று எழுதினேன். சுழி!

இரண்டு தப்புக்கும் காரணம் ஒன்றுதான் என்று பிறகுதான் புரிந்தது. இரண்டிலும் பாதியைப் பார்த்துவிட்டு முழுசும் தெரிந்த மாதிரி முடிவு சொன்னேன். மீதிப் பாதியை இப்போது பார்ப்போமா?

முதல் பாதி: யார் இழுப்பது?

பொங்கல் சமயத்தில் ஊரில் கயிறு இழுக்கிற போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் சம பலம் என்றால் கயிற்றின் நடுவில் கட்டிய துணி நகராது. ஒரு பக்கம் பலசாலி என்றால் துணி அந்தப் பக்கம் போகும். இரண்டு அணுக்கள் சேர்ந்து ஓர் எலக்ட்ரான் இணையைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் சகப்பிணைப்பு. அந்த இணையைத் தன் பக்கம் இழுக்கிற பலத்துக்குப் பெயர்தான் எலக்ட்ரான் கவர்தன்மை.

இந்த பலத்துக்கு எண் கொடுக்கும் வழியை 1932-ல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னார். அவருடைய அளவுகோலில் இன்று நாம் பயன்படுத்தும் மதிப்புகளில் சிலவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஃபுளூரின் 3.98, ஆக்ஸிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, போரான் 2.04.

இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். குளோரின் வாயுவில் இரண்டும் குளோரின் அணு, வித்தியாசம் சுழி, இழுபறியே இல்லை. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் என்றால் வித்தியாசம் 1.24. எலக்ட்ரான் மேகம் ஆக்ஸிஜன் பக்கம் ஒதுங்கும். ஆக்ஸிஜன் முனையில் கொஞ்சம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் முனையில் கொஞ்சம் நேர்மின்சுமை. கார்பனும் ஹைட்ரஜனும் என்றால் வித்தியாசம் வெறும் 0.35. அது பெயருக்குத்தான். ஆகவே கார்பன், ஹைட்ரஜன் மட்டுமே உள்ள பெட்ரோல், மெழுகு போன்றவற்றை முனைவற்றவை என்கிறோம்.

நான் படித்தது இதோடு நின்றுவிட்டது.

மீதிப் பாதி: எந்தத் திசையில் இழுப்பது?

முரட்டுக் காளையை ஓட்டிப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் இரண்டு கயிறு, ஆளுக்கு ஒன்று. இருவரும் நேர் எதிர்த் திசையில் சம பலத்தோடு இழுத்தால் காளை நடுவில் நிற்கும். இருவரும் கொஞ்சம் முன்னால் வந்து சாய்வாக இழுத்தால் காளை முன்னால் நகரும். பலம் அதே பலம்தான். ஆட்களும் அதே ஆட்கள்தான். திசை மாறியது, விளைவு மாறிவிட்டது!

கார்பன் டை ஆக்ஸைடில் நடுவில் கார்பன், இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன். மூன்றும் நேர்கோட்டில், 180 டிகிரியில் நிற்கின்றன. இரண்டு ஆக்ஸிஜனும் பலமாகத்தான் இழுக்கின்றன. ஆனால் எதிர் எதிர்த் திசை. ஒன்றை மற்றொன்று ஈடு செய்துவிடுகிறது. பிணைப்பு முனைவுள்ளது, மூலக்கூறு முனைவற்றது. என் சுழி மார்க்குக்குக் காரணம் இதுதான்!

தண்ணீரிலும் மூன்றே அணுக்கள்தான். ஆனால் அது வளைந்திருக்கிறது. இரண்டு பிணைப்புக்கும் நடுவில் 104.5 டிகிரி. இரண்டு இழுப்பும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கூடுகின்றன. ஆகவே தண்ணீர் நல்ல முனைவுள்ள மூலக்கூறு. இந்த முனைவின் அளவை இருமுனைத் திருப்புத்திறன் என்கிறோம். அதன் அலகுக்கு டிபை என்று பெயர். 1936-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் டிபை நினைவாக வைத்தது. தண்ணீருக்கு 1.85 டிபை; கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சுழி.

இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? நம் அரியலூர் சிமெண்ட் ஆலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி போலச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்ஸைடு பிரிந்து புகைபோக்கி வழியாக வாயுவாகப் போகிறது. அதன் மூலக்கூறு எடை 44. தண்ணீரின் எடை வெறும் 18. கனமானது திரவமாகவும் லேசானது வாயுவாகவும் இருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? ஆனால் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடோ உறைபனியாக இருந்தாலும் மைனஸ் 78 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் நேர்முனையும் எதிர்முனையுமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பிடிக்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். மூலக்கூறு வளைந்திருப்பதால் வந்த வித்தியாசம் இது. வளையாமல் நேராக இருந்திருந்தால் கிணறு ஏது, ஏரி ஏது?

சரி, தண்ணீர் ஏன் வளைகிறது? ஆக்ஸிஜனைச் சுற்றி நான்கு எலக்ட்ரான் இணைகள். இரண்டு பிணைப்பில் இருக்கின்றன. இரண்டு தனித்த இணைகள். நான்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, எட்ட எட்டப் போய் நிற்கும். தனித்த இணைக்குத் தள்ளும் பலம் அதிகம். அதனால் 109.5 டிகிரி இருக்க வேண்டிய கோணம் 104.5-க்குச் சுருங்குகிறது. இந்தக் கொள்கையை 1957-ல் கில்லெஸ்பி, நைஹோம் என்ற இருவர் ஒழுங்குபடுத்திச் சொன்னார்கள்.

படம் பார்த்துப் புரியவில்லை என்றால் என்னைப் போலச் செய்யுங்கள். ஒரு களிமண் உருண்டை, நான்கு ஈர்க்குச்சி. நான்கையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு எட்ட முடியுமோ அவ்வளவு எட்டக் குத்துங்கள். தரையில் வைத்தால் மூன்று கால் ஊன்றி, ஒன்று மேலே நிற்கும். அதுதான் நான்முகி. நான்கு குச்சியின் நுனியிலும் குளோரின் என்று வைத்துக்கொண்டால் கார்பன் டெட்ரா குளோரைடு. நாலு பக்க இழுப்பும் சமம், மொத்தம் சுழி. ஒரு நுனியில் மட்டும் குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜன் வைத்தால் குளோரோஃபார்ம். சமநிலை கெட்டது; முனைவு வந்துவிட்டது!

பரீட்சைக்கு மூன்று படிகள்

ஒன்று: ஒவ்வொரு பிணைப்பிலும் எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாம் சுழிக்குப் பக்கம் என்றால் அங்கேயே நிறுத்தலாம், முனைவற்றது.

இரண்டு: மைய அணுவைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான் இணைகள், அதில் தனித்தவை எத்தனை என்று எண்ணி வடிவத்தை வரையுங்கள்.

மூன்று: ஒவ்வொரு இழுப்பையும் அம்புக்குறியாகப் போட்டுக் கூட்டுங்கள். அம்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டினால் முனைவற்றது. மிச்சம் இருந்தால் முனைவுள்ளது.

போரான் ட்ரை ஃபுளூரைடைச் சோதித்துப் பாருங்கள். வித்தியாசம் 1.94, தண்ணீரில் இருப்பதை விட அதிகம்! ஆனால் மூன்று ஃபுளூரினும் ஒரே தளத்தில் 120 டிகிரி இடைவெளியில் நிற்பதால் மொத்தம் சுழி. வைவாவில் மடக்குகிற கேள்வி ஒன்றும் உண்டு. அம்மோனியாவுக்கு 1.47 டிபை; நைட்ரஜன் ட்ரை ஃபுளூரைடுக்கு 0.23 மட்டுமே. ஃபுளூரின் பெரிய பலசாலி ஆயிற்றே, ஏன் குறைகிறது? அம்மோனியாவில் மூன்று பிணைப்புகளின் இழுப்பும் நைட்ரஜனின் தனித்த இணையும் ஒரே திசை. மற்றதில் ஃபுளூரின்கள் ஒரு பக்கம், தனித்த இணை எதிர்ப்பக்கம். ஒன்று மற்றதைக் குறைத்துவிடுகிறது.

மறுபடியும் அம்மாவின் கைக்கு

இப்போது முந்திரி ஓட்டு எண்ணெய்க்கு வருவோம். அதில் முக்கியமான பொருள் அனகார்டிக் அமிலம். அதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலையில் ஒரு பென்சீன் வளையம். அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் ஒரு கார்பாக்சில் தொகுதியும். இரண்டிலும் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஆகவே தலைப்பகுதி முனைவுள்ளது. வாலோ 15 கார்பன் நீளச் சங்கிலி. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும், ஆகவே முனைவற்றது. வறுக்கும்போது கார்பாக்சில் தொகுதி கார்பன் டை ஆக்ஸைடாகக் கழன்றுவிடும், மிஞ்சுவது கார்டனால். அதிலும் தலை, வால் உண்டு. இந்தக் கார்டனாலைத்தான் வண்டிகளின் பிரேக் லைனிங், பெயிண்ட் என்று பலவற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

நான் 'எண்ணெய்' என்ற பெயரை மட்டும் பார்த்து முனைவற்றது என்று முத்திரை குத்தினேன். மூலக்கூறைப் பார்க்கவில்லை. வால் நீளம் என்பதால் தண்ணீரில் கரையாது என்பது சரி. ஆனால் நம் தோலின் மேலடுக்கிலும் கொழுப்பு இருக்கிறதே! தண்ணீரில் போக மறுக்கிற அதே வால், தோலின் கொழுப்புக்குள் சுலபமாக நுழைகிறது. வால் இழுத்துக்கொண்டு போவதால் தலையும் உள்ளே போய்த் தோலைப் புண்ணாக்குகிறது. சேராங்கொட்டை பட்டாலும், மாங்காய்ப் பால் பட்டாலும் தோல் பொத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். முந்திரி, சேரான், மா மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். சேராங்கொட்டைச் சாற்றால் அந்தக் காலத்தில் சலவைத் துணிகளுக்குக் குறி போட்டதும், எத்தனை துவைத்தாலும் அது போகாததும் இந்தக் கணக்குதான்.

பெட்ரோல் என்ன செய்தது? கறையைக் கரைத்தது உண்மை. ஆனால் கரைத்த எண்ணெயைத் துணியோடு மணிக்கட்டு வரை இழுத்துப் பரப்பியது. அது மட்டுமா? தோலின் சொந்தக் கொழுப்பும் முனைவற்றதுதானே. அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டது. காவல் போன தோல் வறண்டு வெடித்தது. என் விதி பொய்யில்லை. ஆனால் அந்த விதி அம்மாவின் தோலுக்கும் பொருந்தும் என்று நான் யோசிக்கவில்லை. போதாததற்கு பெட்ரோல் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரிகிற வீட்டில் நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! நண்பர்களே, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அப்பாயி சொன்ன முறை என்ன? வேலைக்கு உட்காரும் முன்பே கையில் விளக்கெண்ணெய். முடித்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவுவது. இப்போது கெமிஸ்ட்ரியோடு பாருங்கள். ஓட்டு எண்ணெய் கையில் விழுந்தால் முதலில் விளக்கெண்ணெயில்தான் கலக்கும். தோலைத் தொடுவது குறையும். சாம்பல் எண்ணெயை ஒற்றி எடுக்கும். அதில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரமும் உண்டு. சோப்பு மூலக்கூறுக்கும் நீளமான முனைவற்ற வாலும், மின்சுமை உள்ள தலையும் இருக்கின்றன. வாலால் எண்ணெயைப் பிடித்து, தலையால் தண்ணீரைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் தூது போகிறது. அப்பாயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் எதை முதலில் தடவ வேண்டும், எதைப் பிறகு போட வேண்டும் என்ற வரிசை தெரியும். எனக்கு விதி தெரிந்தது, வரிசை தெரியவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். இந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்த பிறகு அம்மாவுக்குக் கையுறை வாங்கப் போனேன். சாதாரண ரப்பர் கையுறை வேண்டாம் என்று முடிவு செய்தேன். இயற்கை ரப்பர் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி; முனைவற்றது; எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரிகளில் நீலக் கையுறை பார்த்தோமே, அது பெரும்பாலும் நைட்ரைல். அந்த ரப்பரின் சங்கிலியில் அங்கங்கே கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த முனைவுள்ள தொகுதிகள் தொங்குகின்றன. ஆகவே எண்ணெய் அதற்குள் அவ்வளவு சுலபமாகப் போகாது. எண்ணெய் புழங்கும் ஒர்க்ஷாப்புகளில் எண்ணெய் சீல்களை நைட்ரைல் ரப்பரில் செய்வதும் இதனால்தான். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க!

கையுறையை முழுசாகப் போட்டுக்கொண்டால் பருப்பு எடுக்க வேகம் வரவில்லை என்கிறார் அம்மா. கிலோவுக்குக் கூலி என்றால் வேகம்தானே சோறு! ஆகவே கொட்டையைப் பிடிக்கிற இடது கையில் மட்டும் போட்டுக்கொள்கிறார். வலது கைக்கு விளக்கெண்ணெய். கிழிந்தால் மாற்ற வேண்டும். அந்தச் செலவு என் பொறுப்பு. இடது கைத் தோல் இப்போது கொஞ்சம் பரவாயில்லை. போன மாதம் ரேஷன் கடையில் இடது கட்டைவிரலை மூன்றாவது தடவை வைத்தபோது மெஷின் ஏற்றுக்கொண்டதாம். போன் போட்டுச் சொன்னார்.

முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே! 'முனைவுள்ளதா, முனைவற்றதா?' என்று கேள்வி வந்தால் பிணைப்பைப் பார்த்ததோடு பேனாவை மூடிவிடாதீர்கள். வடிவத்தை வரைந்து பாருங்கள். உங்களில் யார் வீட்டிலாவது முந்திரி உடைக்கிற கை இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை வாங்கிப் போங்கள். அதைக் கொடுப்பதற்கு முன்னால், அவர்கள் இத்தனை நாள் என்ன செய்து சமாளித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.